சாம்பிள் பார்க்க வந்தவள்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் மழைக்குப் பஞ்சம் உண்டு, தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, பார்வைக்குப் பஞ்சமே கிடையாது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் புது ஆள் ஒருத்தர் இறங்கினால், செருப்பிலிருந்து உச்சி வகிடு வரைக்கும் பார்த்து, எந்த ஊர், யார் வீடு, என்ன சோலியாக வந்திருக்கிறார் என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கையிலிருக்கும் டீயைக் குடிப்பார்கள். டீ ஆறினால் ஆறிவிட்டுப் போகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று டீயை ஆறவிட்டவன்தான்.

சிவகாசியில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள்களை வெட்டி வெட்டி இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. லேபிளில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் ரோஸ் கன்னத்தோடு சிரித்துக்கொண்டிருக்கும். என் நிறத்தில் ஒரு குழந்தையை நான் எந்த லேபிளிலும் வெட்டியதில்லை. அப்படி ஒரு லேபிள் வந்திருந்தாலும் வடக்கே ஆர்டர் எடுக்கிறவன் சும்மா இருக்க மாட்டான், ஏற்கெனவே வெடித்த பெட்டியை அனுப்பிவிட்டார்கள் என்று லோடைத் திருப்பிவிடுவான்.

இப்படித்தான் பேசுவேன். ஊரில் எனக்கு அதற்காகவே ஒரு மரியாதை உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு அடிபிடி. துஷ்டி வீட்டில்கூட, பிணம் எடுத்த பிறகு என்னைச் சுற்றித்தான் நாற்காலி போடுவார்கள். ஒரு தடவை முதலாளியோடு காலண்டர் ஆர்டருக்காக டெல்லி போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் ஒரு சின்னப் பிள்ளை என் முழங்கையை விரலால் தேய்த்து, விரலில் கருப்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தது. கடையே என்னைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கையை நானே பரபரவென்று தேய்த்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, ஒட்டவில்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். கடை முழுக்கச் சிரிப்பு. முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தார். ஊருக்கு வந்து அதைப் பத்து இடத்தில் நடித்துக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை மட்டும் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை அல்லவா.

ஆகவே பார்வை என்றால் என்னவென்று தெரியாமல் நான் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எனக்கு ஒரே மகன். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, போனில் சொன்னான். பெண்ணுக்கு ஊர் மணிப்பூர், பர்மா எல்லையோரம் என்றான். என் வீட்டுக்காரி போனைப் பிடுங்கி, "என்ன ஆளுகப்பா?" என்று கேட்டாள். அவன் சொன்ன பெயர் எங்களுக்கு வாயில் நுழையவில்லை. விசாரித்து வரச் சொல்லலாம் என்றால் அத்தனை தூரத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்களும் இல்லை. அந்தப் பிரச்சினை அப்படியே முடிந்தது.

போன வருஷம் ஆடி கழிந்ததும் இருவரும் அச்சங்குளம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம். விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் மகனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு அவளையும் எடுத்துக்கொள்வார்களாம்.

"ஒரு மாசம் இருந்து பாக்கோம்ப்பா. அவளுக்கு ஒத்து வந்துச்சுன்னா இங்கனயே இருந்துருவோம்" என்றான் மகன்.

எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் அந்த ஒரு மாதம்தான் உலகம். பேரப்பிள்ளை இந்த வீட்டில் தவழுமா, இல்லை செல்போனில் தவழுமா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வெள்ளையடித்தேன். குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். சீசன் நேரம், பிரஸ்ஸில் லீவு கிடைக்காது. தீபாவளி முடிந்ததும் சொந்தபந்தத்துக்கெல்லாம் சோறு போட்டு, இதுதான் எங்கள் மருமகள் என்று முறையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குச் சோறு போடாத கல்யாணத்தை எங்கள் பக்கம் கல்யாணக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

அவள் நல்ல பெண். சின்ன உருவம், வட்ட முகம், சிரித்தால் கண் இரண்டும் கோடாகிவிடும். எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவள்தான். காலையில் குளித்துவிட்டு மூக்கிலிருந்து நெற்றி வரை சந்தனத்தை மெல்லிசாக இழுத்துவிட்டுக் கும்பிடுவாள். நாலு வருஷம் கோயம்புத்தூரில் பேசிய தமிழ். "வாங்க மாமா, சாப்பிட்டீங்களா மாமா" என்பாள். பத்து நாளில் என் வீட்டுக்காரியிடம் கேட்டுக் கேட்டு, "சாப்பிட்டீகளா மாமா" என்று மாற்றிக்கொண்டாள். நாம் மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்வாள், எங்கள் ஊர் வேகத்துக்குப் புரியாது என்று நானாகவே ஒரு முடிவு கட்டியிருந்தேன்.

வந்த மறுநாளே தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக உறைமோர் கேட்டு வந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் உறைமோர் தீர்ந்துபோயிருந்தது.

"ஏம் மைனி, பிள்ளைக்கு எந்நேரமும் தூக்கமா? கண்ணே தொறக்க மாட்டேங்கே?"

"தொறந்துதாண்டி இருக்கு. ஒனக்குத்தான் வாய் மூட மாட்டேங்கு" என்றாள் என் வீட்டுக்காரி.

வீட்டுக்குள் அப்படிச் சொல்ல ஆள் இருந்தது. வெளியே போனால்தான் கஷ்டம். கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். சாமான் வாங்கித் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்கும். சின்னப் பயல்கள் சைக்கிளில் போகிறபோது "சிங் சாங் சூங்" என்று கத்திவிட்டுப் போவார்கள். அவள் முதலில் திரும்பிச் சிரிப்பாள். பிறகு திரும்புவதில்லை.

எங்கள் பகுதியில் சைனா என்றால் அது ஒரு நாட்டின் பெயர் மட்டும் இல்லை. சைனா பட்டாசு கள்ளத்தனமாக வருகிறது என்று கம்பெனிக்காரர்கள் புலம்புவார்கள். சைனா லைட்டர் வந்து தீப்பெட்டியைக் கெடுத்தது என்று தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரி மாதிரிப் பெண்கள் சாபம் விடுவார்கள். ஆர்டர் குறைந்தாலும் சைனா, போனஸ் குறைந்தாலும் சைனா. 'சைனா பட்டாசை வாங்காதீர்' என்று எங்கள் பிரஸ்ஸில் அச்சடித்த நோட்டீஸைக் கட்டுக் கட்டாக நானே வெட்டியிருக்கிறேன். இந்த ஊருக்குத்தான் அந்த முகத்தோடு ஒரு பெண் வந்திருந்தாள். அவள் ஊருக்கும் சைனாவுக்கும் நடுவில் எத்தனை மலை இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது.

இரண்டாவது வாரம் விருதுநகரில் அவளுக்கு ஸ்கேன். மகனுக்கு அன்றைக்கு அந்தப் புது ஆஸ்பத்திரியில் விட முடியாத டூட்டி. என் வீட்டுக்காரிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு தரவில்லை. நான் அரை நாள் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு சாத்தூரில் பஸ் ஏறினேன். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். இடம் காலியாகவே இருந்தது. பஸ்ஸில் நிற்கிற கூட்டம். அந்த ஒரு இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

நான் போய் உட்கார்ந்திருக்கலாம். பெண்கள் சீட் என்று சட்டம் பேசிக்கொண்டு பின்னால் போனேன். பின்னால் எல்லாம் தெரிந்த முகம். எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பையன்கள் ஏழெட்டுப் பேர். என்னைக் கண்டாலே அவர்களுக்கு வாய் காதுவரை போய்விடும்.

"என்ன அண்ணாச்சி, கூட வந்துருக்காகளே, யாரு? புது மாடலா இருக்கு?" என்றான் ஒருத்தன்.

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. மருமகள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்பக் கல்யாணம், ஏன் சொல்லல, என்ன ஆளுக, எங்களுக்கெல்லாம் சோறு கிடையாதா? விருதுநகர் வரைக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, அத்தனை பேரும் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். டெல்லிக் கடையில் என் முழங்கை கூசியது மாதிரி ஒன்று கூசியது. நான் எப்போதும் செய்கிறதையே செய்தேன். அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிப்பு மூட்டிவிட்டேன்.

"ஏலே, மெதுவாப் பேசுங்கலே. சைனாவுல இருந்து வந்துருக்காக. நம்ம சரவெடி ஏன் இம்புட்டுச் சத்தம் போடுதுன்னு சாம்பிள் பாக்க வந்துருக்காக. நாந்தான் கைடு."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"பாத்து அண்ணாச்சி, ஒங்க வீட்டுல மதினியவும் காப்பி அடிச்சிறப் போறாக."

"அடிக்கட்டும்லே. சைனா மாடலாவது சத்தம் கம்மியாப் போடும்."

மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. நல்ல டைமிங்கில் விழுந்த வசனம் அது. சிரிப்பு அடங்கும்போது முன்னால் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. முன்சீட்டுக் கம்பியில் கையை வைத்து, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இடம் விருதுநகர் வரைக்கும் காலியாகவே வந்தது.

ஸ்கேன் அறைக்குப் போனபோது பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை என்னையும் கேட்க வைத்தாள். "மாமா, கேளுங்க மாமா" என்று கூப்பிட்டாள். தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டரம்மா, "நீங்க யாரு?" என்று கேட்டார். "மாமனாரு டாக்டர்" என்று கம்பீரமாகச் சொன்னேன். அந்த அறையில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நான் பஸ்ஸில் போட்ட விதை நாலே நாளில் முளைத்து என் பிரஸ்ஸுக்கே வந்தது. மதியம் சாப்பிடும்போது ஃபோர்மேன் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ மூச்சு வாங்கப் பேசுகிறான். சைனாக்காரி ஒருத்தி நம்ம பக்கம் சுத்திக்கிட்டு இருக்கா, பட்டாசு கம்பெனி ரகசியத்தை எடுத்துக்கிட்டுப் போறதுக்காக வந்திருக்கா, நம்ம ஆளுகளே கைடு வேலை பாக்குறாக, பொழப்பைக் காப்பாத்தணும்னா எல்லாருக்கும் அனுப்புங்க.

"கேட்டீகளா கொடுமைய? கைடு வேல பாக்கானாம், தொரோகி!" என்றார் ஃபோர்மேன்.

அந்தத் துரோகி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அய்யா, அது நான் விளையாட்டாகச் சொன்னது, அது என் மருமகள் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "சைனாக்காரனுக்கு நம்ம ரகசியம் எதுக்கு? போனஸ் குடுக்காம எப்பிடி வேல வாங்குறதுன்னா?" என்றேன். ஃபோர்மேனுக்குப் புரையேறிவிட்டது.

வீட்டில் போய் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. இந்த மாதிரி விஷயம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அவளுக்கு சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு மேல் அப்படி ஒரு ஆசை வந்திருந்தது. மசக்கை நாக்கு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு கூறு வாங்குவாள். என் சிவகாசி பஸ் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். காத்திருந்து என்னோடு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வருவாள். வருகிற வழியில் பாதிப் பிஞ்சு தீர்ந்துவிடும். அந்த மூன்றாவது வாரத்தில் எனக்கு அது பழகிப்போய், பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக அவளைத் தேடத் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்குத் தேடியபோது வெள்ளரிக்காய்க் கூடை இருக்கும் இடத்தில் கூட்டம் தெரிந்தது.

இறங்கி ஓடினேன். ஏழெட்டு ஆண்கள். நடுவில் அவள், கையில் பிளாஸ்டிக் பை. அவள் போன் ஒருத்தன் கையில் இருந்தது. அவன் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, கம்பெனி கேட்டு. போட்டோ எடுத்து வச்சுருக்கா பாருங்க."

அது தீப்பெட்டி ஆபீஸ் வாசல். என் வீட்டுக்காரிக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்றைக்கு, வேப்பமரத்தடியில் அத்தையை நிற்க வைத்து எடுத்த படம். அவர்கள் அத்தையைப் பார்க்கவில்லை, கேட்டை மட்டும் பார்த்தார்கள். இன்னொருத்தன் ஆதார் கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இது என்னலே எழுத்து? டூப்ளிக்கேட்டு."

"நான் இண்டியா. மணிப்பூர். இந்த ஊரு மருமகளுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நடுங்கினால் கோயம்புத்தூர்த் தமிழ் திரும்பி வந்துவிடும் போலிருக்கிறது.

வெள்ளரிக்காய் விற்கிற பெண் கூடையை விட்டு எழுந்து கத்தினார். "ஏலே, வாயும் வயிறுமா நிக்கிற பிள்ளைய மறிச்சுக்கிட்டு நிக்கீகளே, நீங்கள்லாம் சோத்தத்தான திங்கீக? தெனமும் எங்கிட்டதாம்லே பிஞ்சு வாங்குது."

சுற்றிலும் பஸ் ஸ்டாண்ட் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே புகுந்து அந்தப் போனைப் பிடுங்கினேன். "விடுங்கலே! எம் மருமகலே அது! எம் மகன் பொஞ்சாதி!" அவ்வளவு சத்தமாக நான் அதுவரை எதையும் சொன்னதில்லை.

போன் வைத்திருந்தவன் என்னைப் பார்த்தான். பஸ்ஸில் பின் சீட்டில் இருந்த பையன்களில் ஒருத்தன்.

"என்ன அண்ணாச்சி? நீங்கதான அன்னைக்குப் பஸ்ல சொன்னீக? சைனாவுல இருந்து சாம்பிள் பாக்க வந்துருக்காகன்னு?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

"வெளையாட்டுக்குச் சொன்னேம்ப்பா."

"இப்ப மருமகங்கீக. எதுதான் அண்ணாச்சி வெளையாட்டு?"

பிடுங்கிய போனை என் சட்டையில் துடைத்தேன். ஒருத்தன் ஆதார் கார்டை அவள் பைக்குள் போட்டான். "அவரு எப்பவும் இப்பிடித்தாம்ப்பா, வாங்க" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரைக் கேட்கச் சொல்வேன், எந்த முகத்தோடு?

ஷேர் ஆட்டோ வேண்டாமென்று தனி ஆட்டோ பிடித்தேன். ஊர் எல்லை தாண்டியதும் நான்தான் தொடங்கினேன்.

"தாயி, அது வந்து..."

"பஸ்லயே கேட்டேன் மாமா."

"புரிஞ்சுச்சா?"

"புரிஞ்சிச்சு."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அழவில்லை. பையை மடியில் வைத்து, அதன் காதை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அவள் ஊரில் பர்மாவிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழர்கள் கொஞ்சம் பேர் உண்டாம். கோயில்கூட இருக்கிறதாம். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தமிழர் கடை. இவளும் இவள் கூட்டாளிகளும் கடை வாசலில் நின்று அவர் பேசுகிற மாதிரி வாயைக் குழப்பிப் பேசிக் காட்டுவார்களாம். கரி என்று கூப்பிடுவார்களாம்.

"அவரும் எங்க கூட சேந்து சிரிப்பாரு மாமா. மிட்டாய் குடுப்பாரு. அவருக்கும் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்." பையின் காதை மறுபடி முடிச்சுப் போட்டு, "அவரு கடைய மூடிட்டு வீட்டுக்குப் போயி என்ன பண்ணிருப்பாருன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

ராத்திரி மகன் டூட்டி முடிந்து வந்தான். அவளை மறித்த விஷயம் மட்டும் அவன் காதுக்கு வழியிலேயே வந்திருந்தது. முகம் கறுத்துப்போய், யார் யார் என்று கேட்டு, பைக் சாவியை எடுத்தான். அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒண்ணும் ஆகல. மாமா வந்துட்டாரு. எல்லாரையும் சத்தம் போட்டு வெரட்டிட்டாரு" என்றாள். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பொங்கல் விளையாட்டுப் போட்டி பார்த்தானே, அந்தப் பார்வை. நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரி ரசம் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் கிளம்பினார்கள். மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. கோயம்புத்தூரில் பழைய வேலையே இருக்கிறதாம். சாத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மகன் என் தோளில் கை போட்டான்.

"ஒங்களுக்காகத்தாம்ப்பா அவ இம்புட்டு நாள் இருந்தா. இந்த ஊருல ஒரு ஆளாவது நமக்குன்னு நின்னீக."

அவள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். "சாப்பிட்டுப் போங்க மாமா" என்றாள். எங்கே சாப்பிட, எங்கே போக என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ரயில் போனதும் என் வீட்டுக்காரி பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. என் வீட்டுக்காரி பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். எனக்கு பிரஸ்ஸில் லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். சீசன் முடிந்து பிரஸ்ஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது வேறு விஷயம். வீடியோவில் பார்த்தேன். கண் அவளைப் போலவே, சிரித்தால் கோடு. நிறம் அச்சு அசல் என்னுடையது. பாவம், இரண்டு பக்கத்திலும் எது சிரமமோ அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று ஒரு வசனம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். தெற்கே வந்தாலும் வடக்கே போனாலும் அந்தக் குழந்தையை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அது எந்தப் பஸ்ஸில் எந்தச் சீட்டில் உட்காருமோ, பக்கத்தில் எவர் எழுந்துகொள்வாரோ. எனக்கு அந்த ராத்திரி தூக்கம் இல்லை.

மாசியில் என் வீட்டுக்காரிக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் வந்த ஒரு பெண் தீப்பெட்டி ஆபீஸில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள், நல்ல தமாஷ் என்று. என் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னையச் சொன்னதெல்லாம் போகட்டும். முப்பது வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அவன்ட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்ல."

"அந்தப் பிள்ள சொல்லலையா?"

"சொல்லல."

"அப்ப அது ஒத்தையில வச்சுக்கிட்டு இருக்கு. கைப்பிள்ளையவும் சுமந்துக்கிட்டு, ஒங்களையவும் சுமக்கணுமா? சொல்லிருங்க."

"சொன்னா அவன் பேச மாட்டான்."

"பேச மாட்டான்" என்றாள். அதோடு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் கூப்பிட்டான். பிள்ளைக்குக் காது குத்துகிற பேச்சு. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதுதான் முறை, மணிப்பூரிலிருந்து அவர் வர முடியாது, அதனால் உங்கள் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அவள் ஆசைப்படுகிறாள், கோயம்புத்தூர் வருவீர்களா என்று கேட்டான். "எதுக்கெடுத்தாலும் அவ ஒங்களத்தாம்ப்பா சொல்லுவா" என்றான்.

நான் கொல்லைப்பக்கம் போனேன். வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸில் ஏறியதிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். பின்சீட்டுப் பையன் கேட்டதையும், நான் சொன்னதையும், அதே வார்த்தையில். இரண்டாவது வசனத்தையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன் என்னைக் கேட்டதைச் சொன்னேன். ஆட்டோவில் அவள் பேசியதைச் சொல்லவில்லை. அது அவளுடையது. சொல்லிக்கொண்டு வரும்போது இரண்டு இடத்தில் என்னை அறியாமல் குரலை ஏற்றி இறக்கினேன். பழக்கதோஷம். நானே கேட்டு நானே அருவருத்தேன்.

முடித்தேன். கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றான்.

"சொல்லுய்யா."

"எல்லாரும் சிரிச்சாகளாப்பா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் நானே வீட்டில் வந்து சொல்வேன், விழுந்து விழுந்து சிரிச்சாக என்று.

"சிரிச்சாக" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை. எங்கேயோ மேசையில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும். குழந்தை அழுதது. அவள் தன் பாஷையில் ஏதோ சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அழுகை குறைந்து, விக்கலாகி, நின்றது. நான் காதில் வைத்தபடி வெகுநேரம் வெயிலிலேயே நின்றேன்.